பன்னிரண்டு வருடம் மரமாக நின்றவர்

என் அளவு நோட்டில் குகனின் பெயர் பன்னிரண்டு இடங்களில் இருக்கிறது. உயரம், தோள், மார்பு, இடுப்பு என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். முதல் வருடம் மார்பு முப்பத்தாறு அங்குலம், கடைசியாக எடுத்தபோது நாற்பத்தொன்று. பன்னிரண்டு முறையும் உடையின் பெயர் ஒன்றுதான்: மரம். அதில் பதினோரு பக்கங்களில் கை அளவுக்கான கட்டம் காலியாகக் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் என் மேல்தான் கோபம் வரும். மற்றவர்கள் மேல் அதற்கப்புறம் வரும். ஆனால் குறையாமல் வரும்.

நான் ஜுபைதா. பிரிக்பீல்ட்ஸில், ஒரு பழைய கடைவரிசையின் அஞ்சடி நடைபாதையை ஒட்டித் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு குரோங், பள்ளிச் சீருடை, திரைச்சீலை என்று எது வந்தாலும் தைப்பேன். வருடத்துக்கு ஒருமுறை, வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்குக் கலைப் பயிற்சி கொடுக்கும் ஒரு மையத்தின் நாடக உடைகளும் எனக்கு வரும். அந்த மையத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவர்கள் ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டு, என்னையும் அன்பு உள்ளம் கொண்டவள் என்று சேர்த்துவிடுவார்கள்.

குகனுக்கு நாற்பத்து மூன்று வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர். காதோரம் நரைத்துவிட்டது. அக்கா கனகேஸ்வரியோடு பக்கத்து ஃபிளாட்டில் இருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். கனகேஸ்வரி அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் 'ஆமாம்' என்று சொல்ல வராது, 'ஓம்' என்றுதான் சொல்வார். காலையில் குகன் என் கடைக்கு நாலு கடை தள்ளி இருக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். இலை எடுப்பார், மேசை துடைப்பார், தண்ணீர்க் குவளைகளை ஒரே கோட்டில் அடுக்குவார். மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் என் கடைக்கு வந்து, அயர்ன் மேசைக்குப் பக்கத்தில் உள்ள முக்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

அந்த முக்காலியில் உட்கார்ந்து அவர் செய்வதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கண் திறந்தது. அதற்குப் பல வருடம் ஆனது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குகனுக்கு நாக்கு கொஞ்சம் தடிப்பு. சொற்கள் மெதுவாக, பாதிப் பாதியாக வரும். மீதியைக் கை சொல்லும். ஒருநாள் ஒரு பெண் வந்து ரவிக்கை இறுக்கமாக இருக்கிறது, தைத்தது சரியில்லை என்று என்னோடு அரைமணி நேரம் சண்டை போட்டுவிட்டுப் போனார். அவர் உடம்பு கூடியதற்கு நானா பொறுப்பு? வாயை அடக்கிக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் படியிறங்கியதும் குகன் எழுந்தார். கைப்பையைத் தோளில் மாட்டினார், கையைத் தூக்கி அக்குளைக் காட்டினார், கண்ணாடியில் ஒரு பக்கம் திரும்பிப் பார்த்தார், இல்லாத சதையை இரண்டு விரலால் கிள்ளிக் காட்டினார். அந்தப் பெண்ணே திரும்பி வந்துவிட்டாரோ என்றிருந்தது. அடுத்து என்னைச் செய்தார். உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தபடி, ஒன்றும் சொல்ல முடியாமல் பல்லைக் கடிக்கும் ஜுபைதா. சிரித்த சிரிப்பில் உண்மையான குண்டூசியை விழுங்கப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு தினமும் கேட்டு வாங்கிப் பார்க்க ஆரம்பித்தேன். கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போகும்போது பிளாட்பாரத்தில் நிற்கும் காவலர்தான் அவருக்கு மிகவும் பிடித்த ஆள். மஞ்சள் கோட்டைத் தாண்டி யாராவது கால் வைத்தால், அந்தக் காவலர் உள்ளங்கையை நீட்டி, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் நிறுத்துவாராம். குகன் அதைச் செய்தால் தெருவில் போகிறவரும் நின்றுவிடுவார். சும்மா சொல்லவில்லை. சமையல் கேஸ் தோம்பு கொண்டுவந்த சீனர் ஒருவர் நிஜமாகவே நின்றார்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் மையத்தில் பன்னிரண்டு வருடமும் மரமாக நிறுத்தினார்கள்.

முதல் வருடம் ஆலமரம். அப்புறம் தென்னை, மாமரம், தோட்டக் கதை ஒன்றில் ரப்பர் மரம், இரண்டு முறை கிறிஸ்மஸ் மரம். கொரோனா வந்து மண்டபங்களை எல்லாம் மூடிய வருடம், ஜூம் வழியாக நாடகம் போட்டார்கள். அப்போதும் குகன் தன் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், முக்கால் மணி நேரம் வேப்பமரமாக நின்றார். நாடகத்தில் பேசுகிறவர்கள் யார் என்று கேட்கிறீர்களா? பணம் கொடுக்கும் நிறுவனத்திலிருந்து வரும் தொண்டர்கள். அவர்கள்தான் ராஜா, அவர்கள்தான் ராணி. மையத்தில் பயிற்சி பெறும் பத்துப் பேரும் மரம், மேகம், பூ, விளக்கு. பேப்பரில் படம் வரும்போது மட்டும் பத்துப் பேரும் முன்வரிசையில் இருப்பார்கள். மையத்திலிருந்து வரும் ஆர்டர் ஃபாரத்தில் அளவுக்கு மேலே என்ன தலைப்பு தெரியுமா? 'பிள்ளைகள்'. நாற்பத்தொரு அங்குல மார்புள்ள பிள்ளை!

பதினோரு வருடம் அந்த மரத்துக்கு நான் கை வைத்ததே கிடையாது. மேலே ஒரு துளை, தலைக்கு. கீழே திறப்பு, காலுக்கு. இலை தைத்த கம்பிகள் தோளிலிருந்து கிளைகளாக நீட்டிக்கொண்டிருக்கும். குகனின் இரண்டு கைகளும் உள்ளே, பச்சைத் துணிக்குள், தொடையோடு ஒட்டிக் கிடக்கும். முதல் வருடமே அப்படித்தான் கேட்டார்கள், நானும் ஏன் என்று கேட்காமல் தைத்துக் கொடுத்தேன். ஆர்டரில் இருந்ததைத் தைத்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு அது வாயில் வரவில்லை.

போன வருட நாடகத்தின் பெயர் மரத்தடி வழக்கு. ஒரு ஏழைப் பெண்ணின் செப்புக்குடம் திருட்டுப் போகிறது. ஊர்த்தலைவர் மரத்தடியில் பஞ்சாயத்து வைத்து, வேலைக்காரன்தான் திருடன் என்று தீர்ப்புச் சொல்கிறார். உண்மையில் குடத்தை எடுத்தவர் அந்தத் தலைவரே. மரம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கடைசியில் தலைவர் கிண்டலாக, "மரமே, நீயாவது பார்த்தாயா?" என்று கேட்பார். அப்போது ஒலிபெருக்கியில் யாரோ ஒருவரின் கனத்த குரல், முன்கூட்டியே பதிவு செய்தது, உண்மையைச் சொல்லும். குகன் அசையாமல் நிற்க வேண்டும்.

ஒரு புதன்கிழமை மூன்று மணிக்கு குகன் ஆர்டர் ஃபாரத்தோடு வந்தார். முக்காலியில் உட்காரவில்லை. ஃபாரத்தை என் மெஷின் மேல் வைத்து, 'மரம் 1, கை வேண்டாம்' என்ற வரியின் மேல் விரலை வைத்தார்.

"அக்கா. கை வேணும்."

"ஏன் குகன்?"

"நான் பாத்தேன்." நெஞ்சைத் தொட்டார். "மரம் பாத்துச்சு. நான் சொல்லணும்."

பன்னிரண்டு வருடத்தில் மையத்தில் ஒருவருக்கும் தோன்றாதது இந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. கதையில் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி அவர். சாட்சி சொல்ல மட்டும் வேறு யாரோ.

அன்றைக்கே மையத்தின் பொறுப்பாளர் புனிதாவுக்குப் போன் செய்தேன். புனிதா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடுவது சுலபம்.

"டிசைன் ஒன்னும் மாத்த வேணாம்லா ஆன்டி. போன வருஷம் மாதிரியே போதும்."

"கை வச்சா அழகா இருக்கும் புனிதா. அவரே கேக்கிறாரு."

"ஐயோ, வேணாம் ஆன்டி. கை வெளிய இருந்தா அவன் ஆட்டிக்கிட்டே இருப்பான். ஆடியன்ஸ் கண்ணு பூரா அங்கதான் போவும். பேசறவங்கள யாரும் பாக்க மாட்டாங்க."

"கண்ணு அவர் மேல போனா என்னம்மா தப்பு? அவர் நாடகம்தானே?"

புனிதா சிரித்தார். "பாவம் ஆன்டி, பிள்ளைங்களுக்கு ஸ்ட்ரெஸ் குடுக்கக் கூடாது."

போனை வைத்தேன். குகனால் முடியாது என்று அவர்கள் நினைத்திருந்தால்கூட ஒரு மாதிரி. முடியும் என்று தெரிந்திருக்கிறது. அவர் கை வெளியே வந்தால் மற்ற எல்லோரும் மேடையில் சும்மா நிற்பதுபோல் தெரிவார்கள் என்று தெரிந்துதான் அந்தக் கையைப் பதினோரு வருடம் துணிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பூட்டைத் தைத்தவள் நான்.

கனகேஸ்வரியிடம் சொன்னேன்.

"விடுங்கோ ஜுபைதா. மேடையில ஏத்துகினமே, அதுவே பெரிசு. அவையள் கோவிச்சு நிப்பாட்டிப் போட்டால், இவன் எங்க போறது? இந்த வயசில வேற ஆர் எடுப்பினம்?"

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்பத்து மூன்று வருடமாக எந்தக் கதவைத் தட்டினாலும் 'தயவுசெய்து' என்று ஆரம்பித்தவர் அவர். ஆனால் கோபம் வராமலும் இல்லை.

"அவர் உங்ககிட்ட கேக்கலை, கனகம். என்கிட்ட கேட்டாரு. நான் தைக்கப் போறேன். நீங்க வேணாம்னா இப்பவே சொல்லுங்க."

கனகேஸ்வரி தம்பியைப் பார்த்தார். குகன் அவரைப் பார்க்கவில்லை, என் அளவு நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்," என்றார் கனகேஸ்வரி. "தையுங்கோ."

"கையை நீட்டுங்க குகன்," என்றேன். நீட்டினார். தோளிலிருந்து மணிக்கட்டு வரை இருபது அங்குலம். பன்னிரண்டாவது பக்கத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பினேன். எழுதும்போது வெட்கமாக இருந்தது.

மரப்பட்டை மாதிரி மடிப்பு வைத்து, இரண்டு பக்கமும் கையை அதற்குள் மறைத்துத் தைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் முந்தைய வருட மரமேதான். மடிப்பை அழுத்துப் பட்டன்கள் பிடித்திருக்கும், உள்ளிருந்து ஒரு தள்ளு தள்ளினால் திறந்துகொள்ளும். குகன் என் கடை நிலைக்கண்ணாடி முன்னால் மூன்று வாரம் பழகினார். என்ன செய்யப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. நான் அவருக்குத் தையல்காரிதானே.

நாடகம் கிள்ளானில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் தலைமை, அவர் வர ஐம்பது நிமிடம் தாமதம். அதுவரை பத்துப் பேரும் ஏர்கண்டிஷன் இல்லாத பின்னறையில் வேஷத்தோடு நின்றார்கள். அறிவிப்பாளர் "நம்ம ஸ்பெஷல் பிள்ளைங்க" என்றதும் கூட்டம் கைதட்டியது. திரைகூட விலகவில்லை, யாரும் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அதற்குள் கைதட்டல். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பாடு வருவதற்கு முன்பே யாராவது ருசியாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

ஊர்த்தலைவராக ரிஷி என்ற இளைஞன் வந்தான், நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் வேலை. ஒட்டு மீசை. ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் தலைமுடியை ஒருமுறை ஒதுக்கிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு. மேகங்கள் நின்றன. பூக்கள் நின்றன. குகன் நடுவில் நின்றார். நானும் கனகேஸ்வரியும் மூன்றாவது வரிசையில் இருந்தோம். கனகேஸ்வரி என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார்.

கடைசிக் காட்சியில் ரிஷி மரத்தின் பக்கம் திரும்பினான். தலைமுடியை ஒதுக்கினான், செருமினான். "மரமே, நீயாவது பார்த்தாயா?"

பட்டன்கள் தெறித்துத் திறந்தன. இரண்டு கைகள் வெளியே வந்தன.

அந்தக் கைகள் முதலில் தலைமுடியை ஒதுக்கின. பிறகு குகன் செருமினார். இல்லாத மீசையைத் தடவினார். அரங்கில் எங்கோ ஒருவர் சிரித்தார். குகன் இடமும் வலமும் பார்த்தார், இல்லாத வேட்டியின் நுனியை இரண்டு விரலால் தூக்கினார், குனிந்து ஒரு குடத்தை எடுத்தார். குடம் இல்லை, ஆனால் அது எவ்வளவு கனம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அதை வயிற்றோடு அணைத்து மறைத்துக்கொண்டு நல்லவர்போல் நடந்தார். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் பரவியது. அது பரிதாபப்பட்டுத் தட்டும் கைதட்டல் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரைத் தட்டிக் கூப்பிட்டுச் சிரிக்கும் சிரிப்பு.

அப்போது ஒலிபெருக்கியில் கனத்த குரல் ஆரம்பித்தது. "உண்மை ஒருநாள்..." குகன் மேலே பார்த்தார். உள்ளங்கையை நீட்டினார், கொமுட்டர் காவலர் நிறுத்துவதுபோல. குரல் நின்றது. மூன்று மாத ஒத்திகையில் அந்தக் குரல் எங்கே மூச்சுவிடும் என்று அவர் மனப்பாடம் செய்திருந்தார். கூட்டத்துக்கு அது தெரியாது. மண்டபம் அதிர்ந்தது. அதே கையை மெதுவாக இறக்கி, ஊர்த்தலைவரை நோக்கி நீட்டினார்.

"நீ," என்றார் குகன். தெளிவாகக் கேட்டது.

ரிஷியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பையன் ஒரு நொடி விழித்தான், பிறகு குடத்தைக் கீழே போட்டதுபோல் கையை உதறி, "ஐயோ, மாட்டிக்கிட்டேன்!" என்று மண்டியிட்டான். அவனுக்காவது புரிந்தது.

மேடை விளக்கு அணைந்தது. அணைக்கச் சொன்னது புனிதா.

மறுபடி விளக்கு வந்தபோது புனிதா மைக்கோடு நின்றார். "டத்தோ, பெரியோர்களே, மன்னிக்கணும். எங்க பிள்ளை ஒருத்தர் கொஞ்சம் எக்சைட் ஆயிட்டாரு. நீங்க பொறுமையா இருந்ததுக்கு நன்றி." இப்போதுதான் வயிறு வலிக்கச் சிரித்த அதே கூட்டம், முகத்தை மாற்றிக்கொண்டு, ஐயோ பாவம் என்று கைதட்டியது. குகன் பின்னால் நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தார். கைகள் இன்னும் வெளியேதான் இருந்தன. என்ன செய்வது என்று தெரியாமல் அவற்றைத் தானே துணிக்குள் திரும்ப நுழைக்கப் பார்த்தார்.

அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்தேன்.

"எதுக்கு மன்னிப்பு? யாருகிட்ட மன்னிப்பு?" என்று கத்தினேன். "இந்த மேடையில நடிச்சது அவர் ஒருத்தர்தான்! நாப்பத்து மூணு வயசு ஆம்பளைய பிள்ளை பிள்ளைன்னு சொல்லாதீங்க!"

யாரோ என் முக்காட்டைப் பிடித்து இழுத்து உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. கனகேஸ்வரியும் எழுந்து என் பக்கத்தில் நின்றார். டத்தோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் குகனை நாடக வகுப்பிலிருந்து எடுத்து மணி கோர்க்கும் வகுப்பில் போட்டார்கள். மேடை அவருக்கு அழுத்தம் தருகிறதாம், அவர் நன்மைக்குத்தானாம். கனகேஸ்வரி இரண்டு முறை நேரில் போய்க் கேட்டார். 'தயவுசெய்து' என்று ஆரம்பிக்கவில்லை என்று என்னிடம் சொன்னார். பலன் இல்லை. ரிஷி ஒரு மின்னஞ்சல் எழுதினானாம், அதற்கும் பதில் இல்லை. குகன் இப்போது சாவிக்கொத்துக்கு மணிச்சரம் கோர்க்கிறார். ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு.

"மேடை இல்லாதது வருத்தமா இருக்கா குகன்?" என்று ஒருநாள் கேட்டேன். பரவாயில்லை என்று சொல்வார், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

"இருக்கு அக்கா," என்றார்.

போன வாரம் இந்த வருட ஆர்டர் வந்தது. எனக்கே அனுப்பியிருக்கிறார்கள். நான் கத்தியதை மறந்துவிட்டார்களோ, பிரிக்பீல்ட்ஸில் இவ்வளவு அவசரத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையோ, தெரியாது. 'மரம் 1, கை வேண்டாம்.' இந்த முறை அதற்கு அடியில் கோடு வேறு போட்டிருந்தது. இந்த வருட மரத்தின் பெயர் சிந்துஜா, வயது இருபத்தாறு.

வழி தெரிந்தவர் என்பதால் சிந்துஜாவைக் கடைக்குக் கூட்டி வந்தது குகன்தான். அவளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார். நான் உயரம் எடுத்தேன், தோள் எடுத்தேன், மார்பு, இடுப்பு. பிறகு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குகன் என்னைப் பார்த்தார். நாடாவின் ஒரு நுனியை என்னிடமிருந்து வாங்கி அவள் தோளில் வைத்தார்.

"நீட்டு," என்றார்.

சிந்துஜா கையை நீட்டினாள். பத்தொன்பதரை அங்குலம். எழுதிக்கொண்டேன். புனிதாவிடம் இதை நான் சொல்லவில்லை. மேடையில் பார்த்துக்கொள்ளட்டும்.